தோட்டம் நம்முடையது, ஆபத்து யாருடையது?

(தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் பற்றிய விவாதத்துக்கு முன், நம் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை. – ஆசிரியர் குழு)



தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், ஞாயிற்றுக்கிழமை டிபனை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் நீங்கள், எல்லோருக்கும் நன்றி. செயலாளர் என்னிடம், "சார், நீங்கள் நர்சரி தொழிலில் இருக்கிறீர்கள். எந்தச் செடியை எங்கே வைக்கலாம் என்று கொஞ்ச நேரம் பேசுங்களேன்" என்றுதான் கேட்டார். செடியைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். இன்று தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் அஜெண்டாவில் இருக்கிறது. அதனால் செடிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆளைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வந்திருக்கும் மூன்று கொட்டேஷன்களில் எதுவும் என்னுடையது இல்லை. அந்த மூன்று பேருக்கு நான் செடி சப்ளை செய்வதும் இல்லை. நம் வளாகத்தில் நான் வேலை எடுப்பதில்லை என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. ஆகவே நான் சொல்வதில் எனக்கு லாபமோ நஷ்டமோ கிடையாது.

விலை ஏன் குறைகிறது?

மூன்று கொட்டேஷனையும் பார்த்தால் நம் கண் முதலில் கடைசி வரிக்குத்தான் போகும். தொகை. அதில் தப்பில்லை, மெயின்டனன்ஸ் கட்டுகிறவர்கள் நாம். ஒரு உதாரணத்துக்கு 120 வீடுகள் உள்ள வளாகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த கொட்டேஷனுக்கும் அதிகக் கொட்டேஷனுக்கும் மாதம் 12,000 ரூபாய் வித்தியாசம். வீட்டுக்கு 100 ரூபாய். அந்த 100 ரூபாயை மிச்சம் பிடிப்பது நியாயமான ஆசைதான். ஆனால் அது எதிலிருந்து மிச்சமாகிறது என்று கேட்க வேண்டும்.

உரம், தொழுஉரம், செம்மண், கடியத்திலிருந்து வரும் செடி இவற்றின் விலை எல்லா காண்ட்ராக்டருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலையாளின் கூலியிலும் பெரிய வித்தியாசம் காட்ட முடியாது. கூலி குறைந்தால் மறுநாள் ஆள் வரமாட்டார். அப்படியானால் விலை குறைவது எங்கே? நாம் பார்க்காத வரிகளில். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., விபத்துக் காப்பீடு, ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, மரம் ஏறத் தெரிந்த தனி ஆள், ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள். இவற்றையெல்லாம் அடித்துவிட்டால் கொட்டேஷன் தானாக இறங்கிவிடும்.

செலவை அடிக்கலாம், ஆபத்தை அடிக்க முடியாது. அது தோட்டக்காரரின் உடம்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நாள் விபத்து நடந்தால் அங்கிருந்து நேராக நம் சங்கத்தின் வாசலுக்கு வருகிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான விளக்கம்.

தோட்டத்தில் என்ன பெரிய ஆபத்து?

"கட்டட வேலையா, பட்டாசு ஆலையா? செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில் என்ன ஆபத்து?" என்று தோன்றலாம். எனக்குத் தெரிந்த ஆபத்துகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, உயரம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லா வளாகங்களிலும் கவாத்து வேலை நடக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துச் சென்னையில் மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். அதன் பிறகு மழை நெருங்கினாலே "அந்தக் கிளையை வெட்டுங்கள், இந்தக் கிளையை வெட்டுங்கள்" என்ற அவசரம் வந்துவிடுகிறது. நியாயமான அவசரம். ஆனால் தினமும் புல் வெட்டி, இலை கூட்டுகிற தோட்டக்காரரையே அரிவாளைக் கொடுத்து மரத்தில் ஏற்றிவிடுகிறோம். முருங்கைக் கிளை எப்படி முறியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். செம்மயிற்கொன்றையும் அப்படித்தான், பார்க்கத் திடமாக இருக்கும், ஆள் எடை தாங்காது. மரம் ஏறுவது தனித் தொழில். இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. விழும்போது அந்தக் கயிறே இடுப்பையும் வயிற்றையும் நெரித்துவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற ஹார்னஸ் வேண்டும், ஹெல்மெட் வேண்டும், கீழே ஒருவர் நின்று யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தென்னை ஏறுகிறவர்களுக்கு என்றே தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தேங்காய் பறிக்க வருகிறவரிடம் அதில் சேர்ந்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது, மின்சாரம். காம்பவுண்டு சுவரை ஒட்டி ஈ.பி. லைன் போகிற இடங்களில் அலுமினியப் பைப்பில் கட்டிய துரட்டியை வைத்துக் கிளையை இழுக்கிறார்கள். கம்பியில் பட்டால் கையை எடுக்கக்கூட நேரம் இருக்காது. பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும், மழையில் நனைந்திருந்தால் இன்னும் அதிகமாக. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் நாமே வெட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் வீட்டில் கரண்ட் இல்லை என்பதால் அந்தக் கம்பியிலும் இல்லை என்று அர்த்தமில்லை. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஈ.பி. ஊழியர் வந்து லைனை நிறுத்தி, அவர் நிற்கும்போதுதான் வெட்ட வேண்டும்.

வளாகத்துக்கு உள்ளேயும் இதே கதைதான். புல்வெட்டி மெஷினுக்கு ஒட்டுப்போட்ட ஒயர், பைப் வைத்த ஈரத்தரை, வெறுங்கால், அடிக்கடி தண்ணீர் படும் தோட்ட விளக்கு. இந்த இணைப்புகள் எல்லாவற்றுக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்த்து, ட்ரிப் ஆனதா என்று நம் எலக்ட்ரீஷியன் நோட்டில் எழுதினால் போதும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது.

மூன்றாவது, பூச்சி மருந்து. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லி டப்பாவிலும் நிறமிட்ட ஓர் அடையாளம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்பும் மஞ்சளும் குழந்தைகள் விளையாடும் வளாகத்துக்குள் வரவே கூடாது. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து அடித்தாலே பெரும்பாலும் போதும். வாரம் தவறாமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்கள் மருந்தைக் குடிக்கவில்லை. தெளிக்கும்போது மூச்சிலும் தோலிலும் ஏறியதே காரணம். நம் தோட்டக்காரரும் அதே மாதிரி முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் அடிக்கிறார். துண்டு நனைந்தால் மருந்து மூக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை, காற்று வீசும் திசையைப் பார்த்துத் தெளிப்பது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே சாப்பாடு. இவ்வளவும் கட்டாயம். மருந்தடித்தவருக்கு வாயில் எச்சில் ஊறி, வியர்த்து, வாந்தி வந்து, கண்மணி சுருங்கினால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் உடனே சிகிச்சையைத் தொடங்க முடியும்.

களைக்கொல்லியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பாராகுவாட் என்று ஒரு களைக்கொல்லி உண்டு. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பம்ப் ரூமில் வைக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நம் வளாகத்தில் நடைபாதைக் கல் இடுக்கில் முளைக்கிற புல்லுக்காக அந்த விஷம் நமக்கு வேண்டாம். களைக்கொத்தி போதும்.

நான்காவது, வெயில். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அரசே பேரிடர் என்று சொல்லிவிட்ட பிறகு, அக்னி நட்சத்திரத்தில் மதியம் 1 மணிக்குப் புல்வெளியில் ஒருவரை உட்கார வைத்துக் களை பிடுங்கச் சொல்வதற்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 6 முதல் 10:30, மாலை 4 முதல் 6:30 என்று நேரத்தை மாற்றினால் செடிக்கும் நல்லது. உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் பாதி ஆவியாகப் போய்விடும். ஒருவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெறும் மயக்கம் இல்லை. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஐந்தாவது, பாம்பும் மெஷினும். பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்திருக்கிறது. செடிப் புதருக்குள் வெறுங்கையை விடுகிறவருக்குத்தான் முதல் கடி. கடித்தால் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாலே பாதிக் கவலை தீரும். பிரஷ் கட்டர் ஓட்டுகிறவருக்குக் கண் கண்ணாடி வேண்டும். அந்தப் பிளேடில் பட்ட கூழாங்கல் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பக்கத்தில் குழந்தைகள் இருக்கவும் கூடாது.

ஆறாவதுதான் நான் மிகவும் பயப்படுவது. தோட்டத்துக்கு எஸ்.டி.பி. தண்ணீர்தான் வருகிறது. ஒரு நாள் மோட்டார் அடைத்துக்கொள்கிறது. பக்கத்தில் கையில் மண்வெட்டியோடு நிற்பவர் தோட்டக்காரர். "கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. அவரைக் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் வருவதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். கழிவுநீர்ச் சாக்கடை மரணங்களுக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. நம் வளாகத்தில் எந்தத் தொட்டிக்குள்ளும் எந்தத் தோட்டக்காரரும் இறங்கக் கூடாது. "அவசரம்" என்றாலும் கூடாது.

விபத்து நடந்தால் யார் கொடுப்பது?

"அது காண்ட்ராக்டர் பாடு, நாம் அவருக்குத்தானே பணம் கொடுக்கிறோம்" என்பது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம். சட்டம் அப்படி எளிதாக நம்மை விட்டுவிடுவதில்லை.

வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கச் சொல்லும் சட்டம் 1923-லிருந்தே இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அந்தப் பழைய சட்டத்தின் இழப்பீட்டு முறை இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் தொடர்கிறது. தோட்டக்கலை வேலை, மரம் வெட்டும் வேலை இரண்டும் அதன் பட்டியலில் உள்ளவை. "அவர் ஒருநாள் கூலிக்கு வந்தவர்" என்று தப்பிக்க வழி செய்த பழைய விதிவிலக்கை 2000-ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டார்கள்.

தொகை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 40 வயது, மாதம் 15,000 ரூபாய் சம்பளம். இறந்துவிட்டால் சம்பளத்தில் பாதி, அதாவது 7,500 ரூபாய். அதை அந்த வயதுக்கு உரிய 184.17 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 13,81,275 ரூபாய் வருகிறது. உயிர் பிழைத்து, இனி எந்த வேலையும் செய்யவே முடியாத நிலை என்றால் சம்பளத்தில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். 16,57,530 ரூபாய். இளம் வயதுக்காரர் என்றால் பெருக்கும் எண் இன்னும் கூடும்.

இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியவர் முதலில் காண்ட்ராக்டர்தான். ஆனால் அவரிடம் காப்பீடும் இல்லை, சொத்தும் இல்லை, விபத்து நடந்த மறுநாள் போனும் எடுக்கவில்லை என்றால்? வேலையைக் கொடுத்தவர் தன் வழக்கமான தொழிலின் ஒரு பகுதியைக் காண்ட்ராக்டில் விட்டிருந்தால், அவரிடமே இழப்பீடு கேட்கலாம். அவர் கொடுத்துவிட்டுக் காண்ட்ராக்டரிடம் திரும்ப வசூலிக்கலாம் என்பது சட்டத்தின் அடிப்படை. குடியிருப்போர் சங்கம் 'தொழில்' நடத்துகிறதா என்று வக்கீல் வைத்து வாதாட இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கு முடிகிற வரை தலைவரும் செயலாளரும் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர்கள் சம்பளம் வாங்காமல் நமக்காக வேலை செய்கிறவர்கள். அது மட்டுமில்லை. வழக்கில் நாம் ஜெயித்தால், அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது என்று அர்த்தம். நம் மாமரத்திலிருந்து விழுந்தவரின் பிள்ளைகளுக்கு எதிராக ஜெயித்துவிட்டு, அந்த மரத்தடி பெஞ்சில் நம்மால் உட்கார முடியுமா?

சம்பள விஷயத்திலும் இப்படித்தான். காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால், வேலை நடக்கும் நிறுவனத்துக்கு உரிமையுள்ள கம்பெனியோ சங்கமோ பொறுப்பு என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது.

பாதுகாப்பு எங்கே கிடைக்கும்?

நல்ல செய்தி என்னவென்றால், இதற்கெல்லாம் வழி இருக்கிறது. ரொம்பச் செலவும் இல்லை.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் காண்ட்ராக்டர் ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். காண்ட்ராக்டர் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டுப் படுத்தால் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் போகும். ஈ.எஸ்.ஐ. இருந்தால் தனியாக இழப்பீட்டு வழக்கு என்ற பேச்சே எழாது. இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை. 20 பேர் அல்லது அதற்கு மேல் என்றால் பி.எஃப்.பும் உண்டு.

நம் வளாகத்துக்கு வருகிற காண்ட்ராக்டர்கள் பலர் நாலைந்து பேரை வைத்து வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லாமல் இருக்கலாம். அவர்கள் ஊழியர் இழப்பீட்டுப் பாலிசி எடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுகள் இன்றும் 'டபிள்யூ.சி. பாலிசி' என்றுதான் சொல்வார்கள். அதில் மரம் ஏறும் வேலையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். 'தோட்ட வேலை' என்று மட்டும் எழுதியிருந்தால், மரத்திலிருந்து விழுந்ததற்குக் கம்பெனி கை விரிக்கலாம்.

இதற்கு மேல், பாங்க் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரையிலான எவரும் வருடம் 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேரலாம். விபத்தில் இறந்தால் 2 லட்சம். 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் 436 ரூபாயில் ஆயுள் காப்பீட்டிலும் சேரலாம். அதுவும் 2 லட்சம். இரண்டும் சேர்த்து வருடம் 456 ரூபாய். வளாகத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும், செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் உட்பட, இதைச் சங்கமே கட்டலாம். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களை இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்யவும் நம் இளைஞர்கள் அரை நாள் உட்கார்ந்து உதவலாம். ஆனால் இவை டபிள்யூ.சி. பாலிசிக்கு மாற்று இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாம் செய்கிற காரியங்கள்

இதுவரை காண்ட்ராக்டரைப் பற்றிச் சொன்னேன். இப்போது கொஞ்சம் நம்மைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுதிய வேலையில் எல்லாம் சரியாக இருந்தாலும், எழுதாத வேலையில்தான் ஆபத்து அதிகம். "தம்பி, ஒரு நிமிஷம் வந்து அந்த மாங்காயைப் பறித்துக் கொடுத்துவிட்டுப் போ." "மூன்றாவது மாடி பால்கனி கிரில்லுக்கு வெளியே தொட்டி மாட்டணும்." "ஏ.சி. அவுட்டோர் மேலே இலை விழுந்திருக்கு, ஏறி எடுத்துவிடு." கையில் 50 ரூபாய் கொடுக்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறோம். ஆனால் அந்த நிமிஷம் அவர் காண்ட்ராக்டரின் ஆளாக அங்கே நிற்கவில்லை. பாலிசி இது வேலை நேரத்து வேலையில்லை என்று சொல்லலாம். அப்போது பொறுப்பு அந்த வீட்டுக்காரருடையது. தனி வேலை வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள், காண்ட்ராக்டர் மூலம் வரட்டும். ஆள் உயரத்துக்கு மேல் ஏறச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கோடை விடுமுறையில் அப்பாவோடு ஒரு பையன் வருவான், இலை கூட்டுவான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். 14 வயதுக்குக் கீழ் யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது, 18 வயது வரை ஆபத்தான வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். அந்தப் பையன் வந்தால் நம் பிள்ளைகளோடு விளையாடட்டும். கையில் துடைப்பம் வேண்டாம்.

மூன்றாவது, கழிவறை. நம் தோட்டத்தில் பெண்களும் வேலை செய்கிறார்கள். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். வெயில் மயக்கத்துக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் காரணம் அதுதான். கிளப் ஹவுஸ் பின்புறம் இருக்கும் கழிவறையை அவர்களுக்குத் திறந்துவிடுவதற்குப் பொதுக்குழுத் தீர்மானம்கூடத் தேவையில்லை. சாவியைக் கொடுத்தால் போதும்.

செயற்குழுவின் முன் வைக்கும் கோரிக்கை

நேரம் ஆகிவிட்டது. கொட்டேஷன்களைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் செயற்குழு இவற்றை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: மூன்று காண்ட்ராக்டர்களிடமும் ஒரே படிவத்தில் மறுபடி விலை கேட்போம். கூலி, ஈ.எஸ்.ஐ. அல்லது பாலிசி, பாதுகாப்புச் சாமான், பொருள், லாபம் என்று தனித்தனி வரியாக. அப்போதுதான் விலையை விலையோடு ஒப்பிட முடியும்.

இரண்டு: வேலை தொடங்குமுன் பாலிசி நகலும், வருகிற ஆட்களின் பெயர், வயது, ஈ.எஸ்.ஐ. எண் பட்டியலும் அலுவலகத்துக்கு வர வேண்டும். மாதாமாதம் பில்லோடு சம்பளம் பாங்கில் போட்டதற்கான ஆதாரமும், ஈ.எஸ்.ஐ. கட்டிய ரசீதும் இணைக்க வேண்டும். இல்லாத மாதம் பில் பாஸ் ஆகாது. பாலிசி முடியும் தேதியை மேனேஜர் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும்.

மூன்று: மரம் வெட்டுவது மாதாந்திரத் தோட்ட ஒப்பந்தத்தில் வராது. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், அதற்கென்று உள்ள ஆட்களை வைத்துத் தனியாகச் செய்வோம். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குவோம்.

நான்கு: சிவப்பு, மஞ்சள் அடையாளம் உள்ள மருந்துக்கும் களைக்கொல்லிக்கும் வளாகத்துக்குள் அனுமதி இல்லை. மற்ற மருந்துகள் அசல் டப்பாவில், பூட்டிய அலமாரியில்.

ஐந்து: தொட்டிகளுக்குள் தோட்டக்காரர் இறங்கக் கூடாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி, எஸ்.டி.பி. கதவிலேயே ஒட்டுவோம்.

இதனால் வீட்டுக்கு மாதம் கொஞ்சம் கூடும். அதை நான் மறைக்கவில்லை. முன்பு சொன்ன உதாரணத்தில் அது 100 ரூபாய். அந்தப் பணத்தை நாம் கொடுக்காவிட்டாலும் யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கண்ணாடி இல்லாமல் பிரஷ் கட்டர் ஓட்டுகிறவர் தன் கண்ணை வைத்துக் கொடுக்கிறார். ஹார்னஸ் இல்லாமல் ஏறுகிறவர் முதுகெலும்பை வைத்துக் கொடுக்கிறார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத்தின் வரைவைக் கையெழுத்துக்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

(உரைக்குப் பின் நடந்த விவாதத்தில் ஐந்து கோரிக்கைகளும் செயற்குழுவின் பரிசீலனைக்கு ஏற்கப்பட்டன. கிளப் ஹவுஸ் கழிவறைச் சாவி அன்று மாலையே தோட்டப் பணியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. – ஆசிரியர் குழு)